கவர் பிரிக்காத விசில்

"இன்னும் என்னதான் டீச்சர் குறை? ஏன்தான் நீங்க சரின்னு சொல்ல மாட்டேங்கீங்க?"

பாத்திரக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி கேட்டார். கேட்டார் என்ன, பொரிந்து தள்ளினார்.

கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டப் படிக்க ஆரம்பித்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. நாளைக்கு மகள் பூரணியைக் கூட்டிக்கொண்டு கடலில் போக வேண்டும். அவளுக்கு ஒரு படகு, இவருக்கு ஒரு படகு. பிள்ளை அதற்காகவே பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள்.

படகு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பெனிட்டா டீச்சருக்கு அண்ணாச்சி வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் டீச்சர் தலையாட்டாமல் தூத்துக்குடியின் அந்தக் கரையிலிருந்து ஒரு கயாக் இறங்காது.

"ஆபத்துக்கு என்ன வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

அப்படிக் கேளுங்க என்று அண்ணாச்சி பையை மணலில் கவிழ்த்தார். விசில், டார்ச், புகை விடுகிற சிக்னல், வாக்கி டாக்கி, இழுவைக் கயிறு. எல்லாம் உசத்தி ரகம். எல்லாம் கவர் பிரிக்காத புதுசு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும்கூட அப்படியே இருந்தன.

"பிரிக்கலையா?"

"பிரிச்சா பழசாயிரும்லா டீச்சர்! ஆபத்துன்னு வந்தா அப்பப் பிரிச்சுக்கிட வேண்டியதுதானே."

நம்ம ஊர்க்காரர் வேறு என்ன சொல்வார்? வீட்டு டிவி ரிமோட்டே இன்னும் பிளாஸ்டிக் சட்டையைக் கழற்றவில்லை.

டீச்சர் சிரிக்கவில்லை. "எங்க வைப்பீங்க?"

"படகுக்குப் பின்னாடி, மூடி போட்ட அறைக்குள்ள. சொட்டுத் தண்ணி போகாது."

"சரி, வாங்க. ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கயாக்கில் அலைதடுப்புச் சுவரைத் தாண்டினார்கள். காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. பேச்சுக் கொடுக்கலாம் என்று அண்ணாச்சி திரும்பினார்.

தொபீர்!

டீச்சர் படகோடு கவிழ்ந்துவிட்டார். படகு ஒரு பக்கம் போகிறது, டீச்சர் ஒரு பக்கம் போகிறார். அண்ணாச்சிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"என்ன டீச்சர், நீங்களே விழுந்துட்டீங்க?"

"இப்ப நான் டீச்சர் இல்ல. பூரணி. காப்பாத்துங்கப்பா."

அண்ணாச்சி துடுப்பை மடியில் போட்டார்.

கயிறு! கயிறு பின்னாடி இருக்கே! உட்கார்ந்தபடியே இடுப்பை முறுக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் எக்கினார். வானம் தலைகீழாகப் போயிற்று. மூக்கு, வாய், காது எல்லாம் உப்புத் தண்ணீர்.

இருமிக்கொண்டே மேலே வந்தார். தன் படகைப் புரட்டி நிமிர்த்தி, மூடியைப் பிடுங்கி, பையை இழுத்தார். கைக்கு வந்தது விசில். கெட்டிப் பிளாஸ்டிக். ஈரக் கை வழுக்குகிறது. பல்லால் கடித்தார். சந்தனம்தான் வாயில் வந்தது.

நிமிர்ந்து பார்த்தால், டீச்சரைக் காணோம்.

ஒரு அலை. அதற்குப் பின்னால் இன்னொரு அலை. ஆளைக் காணவே காணோம்.

"டீச்சர்! டீச்சரே! ஏ பூரணீ!"

யார் பேரைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியவில்லை மனிதருக்கு. ஐயோ, என் பிள்ளை போச்சே என்று வாய்விட்டு அழுதார்.

முதுகுக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது.

டீச்சர்! சத்தமில்லாமல் சுற்றி நீந்தி வந்திருக்கிறார். தோளில் கட்டிய விசில் வாயில் இருந்தது. நெஞ்சுப் பையிலிருந்து வாக்கி டாக்கியை உருவி, "வாங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தயாராக நின்ற மோட்டார் வள்ளம் படபடவென்று வந்து, இரண்டு பேரையும் இரண்டு படகையும் அள்ளிக்கொண்டது.

கரையில் சுள்ளென்ற வெயில். அண்ணாச்சிக்குப் பல் தந்தி அடித்தது.

"இப்படியா டீச்சர் பண்ணுவீங்க? எனக்கு உசுரே போயிட்டு!"

டீச்சர் அவர் பையை வாங்கி அவிழ்த்தார்.

"புரிஞ்சுட்டு டீச்சர். புத்தி வந்துட்டு. இன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சு உடம்போட கட்டிக்கிடுதேன். நாளைக்கு அத்தனையும் என் மேலதான் இருக்கும். இப்பமாவது சரின்னு சொல்லுங்க."

டீச்சர் நனைந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் பரப்பினார்.

"இதுல பூரணியோடது எது, அண்ணாச்சி?"

அண்ணாச்சி பார்த்தார். விசில் ஒன்று. டார்ச் ஒன்று. சிக்னல் ஒன்று.

"அவளுக்கு எதுக்கு டீச்சர்? அவளுக்குத்தான் நான் இருக்கேனே..."

சொல்லும்போதே, சற்று முன் தானும் கவிழ்ந்து குடித்த உப்புத் தண்ணீர் வாயில் கரித்தது.