சங்கிலிப் பெட்டிக்குள் ராஜா

கொழுந்தூர் ஜமீனுக்குச் சீமையிலிருந்து ஒரு குளியல் பெட்டி வந்து இறங்கியது. ஆளுயர மரப்பெட்டி. உச்சியில் தகரத் தொட்டி. உள்ளே நின்று சங்கிலியை இழுத்தால் தண்ணீர் தலையில் கொட்டும்.

"இந்தப் பச்சைத் தண்ணீர் பட்டால் வாதம், பித்தம் எல்லாம் ஓடிப்போகும் மகாராஜா! அடுத்தவர் கை மட்டும் படக்கூடாது" என்றான் கொண்டுவந்த தரகன்.

முத்துவிசய ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி என் குளியலில் எவன் கை பட்டாலும் பன்னிரண்டு கசையடி!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அவரைத் தினமும் குளிப்பாட்டும் மாசானத்துக்கு வேலை போயிற்று. சபையில் விகடம் பேசும் ஆவுடையப்பரிடம் ஓடினான்.

"ஐயா, வீட்டுக்காரி பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகலை. நான் எங்கே போவேன்?"

ஆவுடையப்பர் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். ரெண்டு குடம்தான் கொள்ளும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு ஒரு அண்டா வெந்நீர் போட்டு வை. போ."

நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, நாளை சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெட்டிக்குள் போனால் பலன் இரட்டிப்பாகுமே?"

"பின்னே? நானும் அதைத்தான் நினைத்தேன்!"

மறுநாள் ராஜா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கிண்ணம் நிறையச் சீயக்காயோடு உள்ளே போய்த் தாழ் போட்டார். சங்கிலியை இழுத்தார். மொத்தத் தண்ணீரும் ஒரே கொட்டாகக் கொட்டியது. ஆஹா! தலை நிறையச் சீயக்காயை அப்பினார். திரும்ப இழுத்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"யாரடா அங்கே? தண்ணீர்!"

வெளியே ஆவுடையப்பர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். "ஐயோ மகாராஜா, பன்னிரண்டு கசையடி!"

"கண் எரியுதுய்யா!"

"பித்தம் வெளியே போகிறதோ என்னவோ. தரகரைக் கேட்டு வரட்டுமா?"

"உத்தரவு ரத்து! மாசானத்தைக் கூப்பிடும்!"

"அவனுக்குத்தான் இங்கே வேலை இல்லையே."

"இருக்குய்யா! நான் இருக்கிற வரைக்கும் இருக்கு!"

அவ்வளவுதான். அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து மாசானம் வெந்நீரோடு ஓடிவந்து ஊற்றினான்.

கண் கோவைப்பழமாக வெளியே வந்த ராஜா அண்டாவைப் பார்த்தார். முன்னமே காய்ச்சி வைத்த வெந்நீரில் ஆவி பறந்தது. பிறகு ஆவுடையப்பரைப் பார்த்தார். மாசானம் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினான்.

"ஓய், இந்தப் பெட்டியை என்ன செய்யலாம்?"

"தரகரை ஒருதரம் அதில் குளிக்க வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம், மகாராஜா. எண்ணெயும் சீயக்காயும் நம் அரண்மனை உபசாரம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பர் தோளில் போட்டார்.

"மாசானம்! தரகன் உள்ளே போனதும் அந்த அண்டாவை மட்டும் ஒளித்து வை!"