ஏழாவது நாற்காலிக்கு வைத்த சுஷி

சென்னையில் எட்டே நாற்காலி போட்ட ஒரு ஜப்பானிய உணவகம் இருந்தது. ஐந்து மாதம் முன்னாலேயே இடம் சொல்லி வைக்க வேண்டும். என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பரிமாறும் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற சமையல்காரர் மச்சாது கையால் பிடித்து வைப்பதைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். தூத்துக்குடிக்காரர், பன்னிரண்டு வருஷம் ஜப்பானில் மீன் சீவியவர்.

அன்று அவர் ஏழாவது நாற்காலிக்கு முன்னால் ஒரு சுஷியை வைத்தார். கீழே வெதுவெதுப்பான சோற்றுப் பிடி, மேலே பச்சையாகச் சீவிய சூரைமீன் துண்டு. நாற்காலியில் ஆள் இல்லை.

சோறு நிமிர்ந்து பார்த்தது. அதற்கு ஆயுளே ஒரு நிமிஷம்தான். மச்சாதுவின் உள்ளங்கைச் சூடு இருக்கும்போதே யார் வாய்க்குள்ளாவது போய்விட வேண்டும்.

"நாம் யாருக்கு?" என்று கேட்டது.

"எட்டாவது நாற்காலியில் இருக்கிறாரே குமரகுரு, அவர் தம்பிக்கு," என்றது சூரை. "வந்ததும் மச்சாதுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் இடம் பிடித்தார்களாம். அப்புறம் ஏதோ மனஸ்தாபம். நாலு மாதமாகப் பேச்சு இல்லை."

"வருவானா?"

"வருவான். கூடப் பிறந்தவன் அல்லவா?"

மற்றத் தட்டுகளில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. ஒன்று போகிற போக்கில் "வரட்டுமா?" என்றுகூடக் கேட்டது. சோற்றுக்கு அழுகை வந்தது. தோளோடு தோள் உரச உட்காரும் இடத்தில் தன்னை மட்டும் யாரும் தொடவில்லை. குமரகுருவும் தன் பங்கைத் தின்றுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறு," என்றது சூரை.

"உனக்கென்ன, எப்போதும் சில்லென்றே கிடக்கிறாய். ஆறுவது நான்தானே?"

வராதவனைச் சோறு கண்டபடி திட்டித் தீர்த்தது. கல்நெஞ்சக்காரன். அண்ணன் இப்படிக் காத்துக் கிடக்கிறான், எட்டிப் பார்க்க மனம் வரவில்லையே.

மச்சாது கத்தியைத் துடைத்தபடி குனிந்தார். "தம்பி வாராங்களா சார்? ஒரு போன் போட்டுப் பாத்தீங்களா?"

"போடல," என்றார் குமரகுரு. "தேதி அவனுக்குத் தெரியும்ல. அவனா வரட்டும்னுதான் இருக்கேன்."

"நாலு மாசமா நீங்க ஒரு தடவகூடக் கூப்பிடலயா?"

"நான் பெரியவன். நான் எப்படிங்க முதல்ல கூப்பிடறது?"

சோற்றுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நேரமும் ஆள் மாறித் திட்டியிருக்கிறது.

தட்டை எடுக்க மச்சாது கை நீட்டினார். குமரகுரு தடுத்து, "வீணாக்க வேணாம்," என்று சுஷியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆறிப்போச்சு," என்றார், யார்மேலோ குறை சொல்வதுபோல.

"நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் என்ன?" என்று சோறு உள்ளேயிருந்து கத்தியது.

மெல்லுகிற சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை.