வேனில் ஏறாத ஏழு பேர்

மலைச்சரிவில் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஆசிரமம் ஒன்றின் தலைவி வேலம்மை. வயது நாற்பது. பள்ளி வேனை ஓட்டுபவரும் அவரே. அவருடைய சீடர் தணிகாசலம், முப்பதாண்டுக் காலம் கல்லூரியில் இயந்திரவியல் போதித்து, ஓய்வுபெற்றபின் ஞானம் நாடி வந்தவர். கார் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதல்நாள்தான் ஒன்றாம் வகுப்புக்கு விளக்கியிருந்தார்.

மறுநாள் காலை, மலையூர்ப் பிள்ளைகள் ஏழு பேரும் வேனில் ஏற மறுத்தார்கள்.

"சீட்டுக்கு அடியில வெடிச்சுக்கிட்டே இருக்குன்னு இந்த சார்தான் சொன்னாரும்மா," என்றாள் நதியா. அவள் ஏறினால்தான் மற்ற ஆறு பேரும் ஏறுவார்கள்.

கிணற்றுக்கு வெடி வைக்கும் அவள் தகப்பனார் மாரப்பன் பக்கத்தில் நின்றார். "ஏறலேன்னா விட்டுடுங்கம்மா. இன்னையோட படிப்ப நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பிடுறேன். தெனமும் இவகூட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

தணிகாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. எல்லாம் தம் வாயால் வந்த வினை.

"பயப்படாதே பாப்பா. எஞ்சின் வார்ப்பிரும்பினால் செய்தது. எவ்வளவு வெடித்தாலும் தாங்கும்."

"எங்கப்பா வெடி வச்சா பாறையே ஒடையுது."

"பாறையைவிட இரும்பு உறுதியானது."

"நீங்க வெடி வச்சுப் பாத்திருக்கீங்களா சார்?"

மாரப்பன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். தணிகாசலம் அழுத்தத்தின் அளவை எண்களில் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

வேலம்மை இறங்கிவந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்கப்பா பாறையை எப்படிம்மா உடைப்பாரு?"

"குழி போட்டு, மருந்து வச்சு, மேல மண்ணப் போட்டு இடிச்சு இறுக்கிக் கெட்டிப்பாரு."

"மண்ணு எதுக்கு?"

"கெட்டிக்கலேன்னா புஸ்ஸுன்னு மேல போயிடும். பாறை அப்படியே இருக்கும். இதுகூடத் தெரியாதாம்மா?"

வேலம்மை சற்று யோசித்தார். பிறகு இடக்கையைக் குழாய்போல் மடக்கி, வலக்கைக் கட்டைவிரலைக் கீழிருந்து உள்ளே நுழைத்தார்.

"இதுதான் குழி. விரல்தான் மூடி. மூடி கீழே இறங்கும்போது காத்தும் துளிப் பெட்ரோலும் உள்ளே வரும். மேலே ஏறி ரெண்டையும் நெருக்கும். ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். ஆனா இங்கே யாரும் மண்ணு கெட்டிக்கலே. வெடிச்சதும் மூடி கீழே ஓடிடும். சைக்கிள் பெடலை மிதிக்கிற கால்மாதிரி அது ஓடுறதாலதான் சக்கரம் சுத்துது. திரும்ப மேலே வந்து புகையை வெளியே தள்ளும். அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து."

நதியா அந்த விரலைப் பிடித்துத் தானே மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.

"அப்ப மூடி நவுந்துக்குது."

"ஆமா."

"அதான் ஒடையல."

தணிகாசலம் ஒரு திருத்தம் சொல்ல வாயெடுத்தார், அடக்கிக்கொண்டார்.

நதியா மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஏறுங்கடா, மண்ணு கெட்டிக்கலியாம்," என்றாள். தானே முதலில் ஏறினாள்.

வேன் கொண்டையூசி வளைவுகளில் இறங்கியது. தணிகாசலம் மெல்லக் கேட்டார்:

"வெடிக்குழியில் மண்ணைக் கெட்டிப்பார்கள் என்பது இத்தனை படித்த எனக்கே தெரியாது. தங்களுக்கு எப்படி அம்மா தெரிந்தது?"

"எனக்கும் தெரியாது ஐயா. அதனால்தான் அவளைக் கேட்டேன்."