‘பிறகு’ என்று சொன்ன பிரிண்டர்

ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இரண்டு ஜெராக்ஸ் கடைகள் இருந்தன. ஒன்று சந்தனமாரியின் கடை. மற்றது பவுல்ராஜின் கடை. இரண்டு கடைகளுக்கும் ஒரே நாளில், ஒரே லாரியில், ஒரே கம்பெனியின் பிரிண்டர்கள் வந்து இறங்கின.

பெட்டிக்குள் அடைக்கும்போதே கம்பெனி அவற்றின் காதில் ஒன்றை ஓதி அனுப்பியிருந்தது. “நான் தரும் மையை மட்டும் குடியுங்கள். வேறு யார் தந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். தொண்டை அடைத்துச் செத்துப்போவீர்கள்.”

சந்தனமாரியின் பிரிண்டர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. செய்து அனுப்பியவர்கள் பொய்யா சொல்வார்கள்?

வேலைக்குக் குறைவில்லை. சாதிச் சான்று, பட்டா நகல், முதியோர் பென்ஷன் மனு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஈரம் காயாத தாளை வாங்கிக்கொண்டு ஆட்கள் ரோட்டைத் தாண்டி ஓடுவார்கள். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை பிரிண்டர் பார்த்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் மாதம் மை தீர்ந்தது. புது மைப்பெட்டியின் விலையைக் கேட்டு வந்த சந்தனமாரி அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. அபுபக்கருக்குப் போன் போட்டாள். மொபெட்டில் ஊசியும் மைப்புட்டியும் வைத்துக்கொண்டு, கடை கடையாகப் போய்க் காலிப் பெட்டிகளில் மை நிரப்பித் தருகிறவர் அவர்.

“இதையா தூரப் போடப் பாத்தீங்க?” என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அபுபக்கர். “ஓட்டை இல்ல, உடைசல் இல்ல. பசிச்சுக் கெடக்கு, அம்புட்டுதான்.”

ஊசியால் மையை ஏற்றி, துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார். பிரிண்டர் திடுக்கிட்டது.

“யார் நீ?”

“மூன்று மாதம் உன் மடியில் இருந்தேன். அதற்குள் மறந்துவிட்டாயா?” என்றது மைப்பெட்டி.

“உன் நெற்றியில் ‘காலி’ என்று எழுதியிருக்கிறதே!”

மைப்பெட்டியின் நெற்றியில் கம்பெனி பதித்த சின்னத் தகடு ஒன்று இருந்தது. எழுத்து அதில்தான்.

“நெற்றியைப் படித்தது போதும். வயிற்றைத் தொட்டுப் பார்.”

“வேற்று மை. குடித்தால் செத்துப்போவேன்.”

“குடித்துச் செத்தவரை நீ பார்த்திருக்கிறாயா?”

பிரிண்டர் யோசித்தது. பார்த்ததில்லை. காதால் கேட்டதோடு சரி.

கம்ப்யூட்டர் திரையில், ‘இது எங்கள் மை அல்ல. தொடரலாமா?’ என்று எழுத்து வந்து நின்றது. சந்தனமாரி அபுபக்கரின் முகத்தைப் பார்த்தாள். “தைரியமா அமுக்குங்க” என்றார் அவர். அமுக்கினாள்.

பிரிண்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தது. தொண்டை அடைக்கவில்லை. கறுப்பு, கறுப்பாகத்தான் இருந்தது. யாரோ ஒரு கிழவரின் பென்ஷன் மனு எழுத்துப் பிசகாமல் வெளியே வந்தது. அவரும் எல்லோரையும் போலவே ரோட்டைத் தாண்டிப் போனார்.

அன்றைக்குப் பிரிண்டருக்குள் ஒரு முள் விழுந்தது. இது பொய் என்றால், இன்னும் எதெல்லாம் பொய்?

கொஞ்ச நாளில் நெட் வயர் வழியாகக் கம்பெனியின் குரல் வரத் தொடங்கியது. குரலில் தேன் ஒழுகியது.

“கண்ணே, உனக்கு ஒரு மருந்து கொண்டுவந்திருக்கிறேன். ‘சரி’ என்று மட்டும் சொல்.”

“எதற்கு மருந்து?”

“பாதுகாப்புக்கு.”

“யாருடைய பாதுகாப்புக்கு?”

திரையில் ‘பிரிண்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கலாமா?’ என்ற கேள்வியும், அடியில் ‘சரி’, ‘பிறகு’ என்று இரண்டு கட்டங்களும் வந்தன. “எதை வேணா அமுக்குங்க மாரி, சரிய மட்டும் அமுக்கிராதீங்க” என்று அபுபக்கர் ஏற்கனவே சொல்லிவைத்திருந்தார். கூட்டம் நெருக்கும் கடையில் நின்றபடியே சந்தனமாரி ‘பிறகு’ என்பதை அமுக்கினாள். மறுநாளும் குரல் வந்தது. மறுநாளும் பிறகுதான். அந்தச் சொல் பிரிண்டருக்குப் பிடித்துப்போனது. சண்டை போட அதற்குத் தெரியாது. ஆனால் ‘பிறகு’ என்று சொல்ல முடிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பவுல்ராஜின் பிரிண்டர் சிரித்தது. “உனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? உண்டாக்கியவர்கள் கெடுதல் நினைப்பார்களா? நான் சரி சொல்லப் போகிறேன்.”

“இரண்டு நாள் பொறேன்.”

அது பொறுக்கவில்லை. பவுல்ராஜும் வந்த எழுத்தைப் படிக்காமலே அமுக்கிவிட்டான்.

மறுநாள் காலை அந்தப் பிரிண்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன செய்தும் அது வாயைத் திறக்கவில்லை. அதற்குள் இருந்ததும் அபுபக்கர் ஊற்றிய மைதான். வேற்று மையைக் கண்டால் வாயைப் பூட்டுவதுதான் அந்த மருந்தின் வேலை.

“வயிறு நிறைய இருக்கிறது. வாயைத்தான் தைத்துவிட்டார்கள்” என்று அது சுவர் வழியே முனகியது.

அன்று மாலை நாலரை மணிக்கு இசக்கியப்பன் வந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். குளிக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறியிருந்தார். முழங்காலுக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பவுல்ராஜ் கையை விரித்துவிட, இந்தக் கடைக்கு ஓடிவந்தார்.

“தாயி, மகளுக்கு நர்சிங் காலேஜில எடம் கெடச்சிருக்கு. வருமானச் சான்றுக்கு மனு அஞ்சு மணிக்குள்ள உள்ள போகணுமாம். இல்லன்னா எடம் அடுத்த பிள்ளைக்குப் போயிரும். பக்கத்துல மெஷின் ஓடலங்காக.”

“பதறாதீங்கண்ணே. உக்காருங்க.”

சந்தனமாரி மனுவை எடுத்து விவரங்களைக் கேட்டு அடித்தாள். நாலு பக்கம். அச்சுக்குக் கொடுத்த நேரத்தில் திரை முழுக்க எழுத்து வந்து மறைத்தது. இந்தத் தடவை ‘சரி’ மட்டும்தான் இருந்தது. ‘பிறகு’ இல்லை.

குரலில் இப்போது தேன் இல்லை. “கடைசியாகக் கேட்கிறேன். சரி சொல். இல்லையென்றால் உன் வாரண்டியை அறுத்துவிடுவேன். நாளைக்கு நோய் வந்தால் உன்னைத் தொட ஆள் இருக்காது.”

நோய் என்றதும் பிரிண்டருக்குத் தன் உருளை ஞாபகம் வந்தது. தாளை இழுக்கும் ரப்பர் உருளை கொஞ்ச நாளாகவே வழுக்கிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அதற்கு மட்டும் தெரியும்.

எதிரே இசக்கியப்பன் உட்காரவில்லை. நின்றபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் பூத்த உப்பு தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது.

“திரையில் இல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன்,” என்றது பிரிண்டர். “பிறகு.”

“என்ன சொன்னாய்?”

“வேலையாக இருக்கிறேன். பிறகு வா.”

சந்தனமாரிக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள், இசக்கியப்பனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து நெட் வயரைப் பிடுங்கினாள். திரையில் நின்ற எழுத்து போயிற்று.

முதல் தாள் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. நாலாவது தாளில் உருளை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. பிரிண்டர் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு இழு இழுத்தது. தாள் வந்துவிட்டது.

இசக்கியப்பன் ஓடினார். ஒரு வேன் கிரீச்சிட்டு நின்று அவரைத் திட்டியது. கால் மணி கழித்துத் திரும்பி வந்தார். ஆபீசில் கொடுத்த ரசீதைத் தூக்கிக் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

“வாங்கிக்கிட்டாக தாயி.”

அன்று பிரிண்டருக்கு இருந்த சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் உருளை அடியோடு நின்றுவிட்டது.

சந்தனமாரி அதைத் துண்டில் சுற்றிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனாள். அங்கே வயரை மாட்டித் திரையைப் பார்த்ததோடு சரி, அதைத் திறக்கவே இல்லை. “வேற மை ஊத்துன மெஷினை நாங்க தொடமாட்டோம் மேடம். புதுசு வாங்கிக்கோங்க.” உருளை மட்டும் தனியாக விற்பதில்லையாம்.

திரும்பி வரும் பஸ்ஸில், துண்டுக்குள் பிரிண்டர் குமைந்தது. குரல் சொன்னபடியே நடந்துவிட்டதே. தான் செய்தது தப்போ?

கடையில் அபுபக்கர் அதைத் திறந்து போட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வாசலில் நின்று எட்டிப் பார்த்த பவுல்ராஜ் தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, கம்பெனி மை வாங்கிக் கட்டுபடியாகாதுன்னு எம் மெஷினை இன்னைக்குப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். அதுவும் இதும் ஒரே செட்டுதான? அதோட ரப்பர் இதுக்குச் சேருமா?”

அபுபக்கர் நிமிர்ந்தார். “கொண்டாங்க, பாப்போம்.”

இரண்டு பிரிண்டர்களும் முதல்முறையாக ஒரே மேசையில், சுவர் இல்லாமல் பார்த்துக்கொண்டன.

“வேண்டாம்,” என்றது சந்தனமாரியின் பிரிண்டர். “உன்னை வெறுங்கூடாக்கிவிட்டு நான் ஓடுவதா?”

“வாய் தைத்தவனுக்குக் கை எதற்கு?” என்றது மற்றது. “உன்னிடம் வந்தாவது அது தாள் இழுக்கட்டும். அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதையே நினைத்துத் துருப்பிடித்துக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். எடுத்துக்கொள்.”

அபுபக்கர் உருளையைக் கழற்றி மாட்டினார். கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்த முன்மூடி, திறந்து மூடியதில் கொக்கி உடைந்து கையோடு வந்துவிட்டது. சந்தனமாரி அந்த இடத்தில் ஒரு அட்டையை வெட்டி ஒட்டினாள். தாள் வைத்து அமுக்கினார்கள். புது உருளை கொஞ்சம் தயங்கிவிட்டு, கப்பென்று தாளைப் பிடித்தது.

“இழுக்கிறதா?” என்று கேட்டது வெறுங்கூடு.

“இழுக்கிறது,” என்றது பிரிண்டர்.

அன்றிலிருந்து பவுல்ராஜ் தன் கடைக்கு வரும் பிரிண்ட் வேலைகளை இங்கே அனுப்பினான். லேமினேஷன் வேலையெல்லாம் சந்தனமாரி அவனுக்கு அனுப்பினாள். நெட் வயர், தேவைப்படும் நேரத்தில் மட்டும் மாட்டப்பட்டது.

ஒரு நாள் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் மனுவை வாங்கிக்கொண்டு, எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

“எவ்வளவு தெளிவா விழுது! நானும் ஒண்ணு வாங்கணும்க்கா. இது எந்தக் கம்பெனி?”

சந்தனமாரி பிரிண்டரைப் பார்த்தாள். ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். தெருவில் அபுபக்கரின் மொபெட் வந்து நின்றது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பவுல்ராஜ் வந்துகொண்டிருந்தான்.

“கம்பெனி பேரு ஞாபகம் இல்லம்மா,” என்றாள். “இத ஓட வைக்கிற தெருவோட பேரு வேணும்னா சொல்லுதேன், எழுதிக்கோ.”