வலப்பக்கத்துச் செம்பு

"வேலை முடிஞ்சா, சத்தியமும் முடிஞ்சிடுமா அம்மா?"

கேட்டவர் மாசிலாமணி. ராஜாவின் கோட்டைச் சிறையில் காவல் காத்தே தலை நரைத்தவர். பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சீடராகச் சேர்ந்துகொண்டார்.

மடத்தை நடத்துகிற செங்கமலத்தம்மைக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். அதனால் என்ன? சுற்றுவட்டாரமே அம்மையிடம்தான் வந்து யோசனை கேட்கும்.

அம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா, பெரியவரே?"

"கேட்காம இருப்பேனா? அரண்மனை அதிகாரி, 'வேலை போச்சு, சத்தியமும் போச்சு, போய்யா'ன்னுட்டார். கோயில் குருக்கள், 'சூடத்தை அணைச்சுச் செஞ்ச சத்தியம், கட்டை வேகுற வரைக்கும் விடாது'ன்னுட்டார். ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க. நடுவுல நான் கிடந்து சாகறேன்."

"என்ன சத்தியம்?"

மாசிலாமணி விறைப்பாக எழுந்து நின்றார். பழக்கம் லேசில் விடுமா?

"'நான் காவல் காக்கிற எவனோடும் என் நாக்கு ஒரு வார்த்தை பேசாது.' அவ்வளவுதான். எதுவரைக்கும்னு அதுல இல்லை."

"இப்போ யாரோட பேசணும்?"

அவர் அடுப்படிப் பக்கம் மோவாயைக் காட்டினார்.

அங்கே தணிகாசலம் சோறு வடித்துக்கொண்டிருந்தான். மடத்துச் சமையல்காரன். ராஜாவை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக ஒரு காலத்தில் உள்ளே கிடந்தவன். அவன் அறைக்கு வெளியே வருஷக்கணக்கில் ஈட்டியோடு நின்றவர் மாசிலாமணி. அவன் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் நாள் பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், கரண்டியோடு எதிரே நிற்கிறான். அன்றிலிருந்து பாவம் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"உள்ளே இருந்தப்போ அவனோட பேசவே இல்லையா?"

"ஒரு வார்த்தை பேசலை, அம்மா."

"நல்ல காவல்காரர்."

அந்தப் பாராட்டு அவரைச் சுட்டது. பொத்தென்று உட்கார்ந்தார்.

"தினம் காலையில கேட்பான், அம்மா. 'ஐயா, எங்கம்மா வாசலுக்கு வந்தாளா? நல்லா இருக்காளா?' அந்தக் கிழவி தினமும் வந்து கோட்டை வாசல்ல நிப்பா. உள்ளே விடமாட்டாங்க. நான் வாய் திறக்கக் கூடாது. என்ன பண்ணுவேன்? வந்திருந்தா கஞ்சிக் கலயத்தை அவனுக்கு வலப்பக்கம் வைப்பேன். வரலைன்னா இடப்பக்கம். நாலு நாள்ல அவனே புரிஞ்சுக்கிட்டான்."

"அப்புறம்?"

"ஒரு மழைக்காலத்துல கிழவி போய்ச் சேர்ந்துட்டா."

அம்மையின் கத்தி நின்றது.

"இடப்பக்கம் வைக்க எனக்குக் கை வரலை, அம்மா. அவன் விடுதலையாகிற நாள் வரைக்கும் வலப்பக்கமே வச்சேன். வாயைத் திறக்காமலே பொய் சொன்ன பாவி நான். அவன் வீட்டுக்குப் போய் அம்மான்னு கூப்பிட்டிருப்பானே! இப்போ கால்ல விழுந்து சொல்லணும்னு துடிக்குது. சத்தியம் வாயை அடைக்குது."

"சத்தியம்தானா?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"பயமும்தான்," என்றார்.

"அந்தச் சத்தியத்தை எதுக்கு வாங்கினாங்க?"

"கைதிக்கு வெளியில இருந்து ஓர் ஆறுதலும் போகக் கூடாதுன்னு."

"போச்சா?"

"போச்சு."

"ஈட்டி பிடிச்ச காலத்துலயே உடைச்சுப் போட்டுட்டு, வேலை போன பிறகு உட்கார்ந்து காப்பாத்துறீங்களாக்கும்!"

மாசிலாமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்போ என் கேள்விக்குப் பதில்?"

அம்மை நறுக்கிய காயை வழித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம். இன்னைக்காவது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க."

மத்தியானப் பந்தி. வரிசையாக இலை போட்டாயிற்று. தணிகாசலம் ஒவ்வொருவருக்கும் தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொண்டே வந்தான். மாசிலாமணி உட்கார்ந்ததும், வலப்பக்கம் இருந்த செம்பை எடுத்து இடப்பக்கம் மாற்றப் போனார். தினமும் அப்படித்தான். 'இவனுக்குச் செம்பை எங்கே வைக்கிறதுன்னுகூடத் தெரியலை' என்று மனசுக்குள் முணுமுணுத்தபடி மாற்றி வைப்பார்.

இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

பந்தி முழுக்க எல்லாருக்கும் செம்பு இடப்பக்கம் இருந்தது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்கு மட்டும் வலப்பக்கம்.

வந்த நாளிலிருந்தே அவருக்கு மட்டும் வலப்பக்கம்.

செம்பைத் தொட்ட கை அப்படியே நின்றது. தணிகாசலம் சோற்றுத் தட்டோடு எதிரே வந்து நின்றான்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

கேட்ட பிறகுதான், தான் பேசிவிட்டது மாசிலாமணிக்கு உறைத்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"வெளியே வந்த அன்னைக்குத்தான் ஐயா," என்றான் தணிகாசலம். "அதுவரைக்கும் தெரியாததாலதான் உயிரோட வெளியே வந்தேன்."

மாசிலாமணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நீளமான மூச்சு.

"போடு தம்பி," என்றார். "இன்னும் ஒரு கை போடு."

தணிகாசலம் போட்டான். வெண்டைக்காய்க் குழம்பைக் குழி நிறைய ஊற்றினான். மாசிலாமணி செம்பை வலப்பக்கமே விட்டுவிட்டுப் பிசைய ஆரம்பித்தார்.

பந்தியின் கடைசியிலிருந்து அம்மை குரல் கொடுத்தார்.

"பெரியவரே, உங்க கேள்விக்குப் பதில் சொல்லட்டுமா?"

"அப்புறம் சொல்லுங்கம்மா," என்றார் மாசிலாமணி, வாய் நிறையச் சோற்றோடு. "குழம்பு ஆறிடும்."