எதிரெதிர் வாசல்

வீட்டைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். எப்படி என்று சொல்கிறேன். நடுவில் கேள்வி வேண்டாம். கடைசியில் நானே கேட்பேன்.

பினாங்கில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஓர் அடுக்குமாடி. பேரின்பம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவி தெய்வானை. ஒரே மகள் மதிவதனிக்கு மூச்சிரைப்பு. படுத்தால் இழுக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். காற்றோட்டமான வீடாகப் பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

பார்த்த வீடெல்லாம் சண்டையில் முடிந்தது. கடைசியில் தெய்வானைதான் சொன்னாள்: "ஓங் மாஸ்டரைக் கூப்பிடுவோம். அவர் கைகாட்டுறதுதான் வீடு. அப்புறம் நீங்களும் பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன். புள்ள மேல சத்தியம்."

ஓங் மாஸ்டர் ஃபெங் சுயி பார்ப்பவர். காற்றும் நீரும் ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்று கணிக்கிற சீனத்து வித்தை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே வரும்.

அந்த மாடியில் இரண்டு வீடுகள் காலி. நடைபாதைக்கு இருபுறமும் எதிரெதிர் வாசல். ஒரு வீட்டின் சன்னல் கடலைப் பார்த்தது. மற்றது மூலைவீடு, மலைப் பக்கம் சன்னல்கள். பெண் பிறந்த ஆண்டுக்குக் கிழக்கு வாசல் வேண்டும் என்றார் மாஸ்டர். உரியவர் குடிபுகாத வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைப்பதில்லை. அது அவர் குருவழி வழக்கம். அதனால் கடல்வீட்டு வாசற்படியில் நின்றே திசைக்கருவியைக் கையில் எடுத்தார். மழை நாள். வானத்தில் சூரியன் இல்லை.

மரியாதைக்காகப் பேரின்பம் வாசலின் இரும்புக் கிரில் கதவை அகலத் திறந்தார். கிரில் போன பக்கமே கருவியின் முள்ளும் போனது, பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி. மாஸ்டர் அப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாசல் கிழக்கு. இதான் வீடு. எதிர்வாசல் மேற்கு, அதை அளக்கவே வேணாம்" என்றார்.

பேரின்பத்துக்குக் கடல் மேல் ஆசை. வாயைத் திறக்கவில்லை.

தெய்வானை இரண்டு வீட்டிலும் ஊதுபத்தி ஏற்றினாள். கடல்வீட்டில் புகை உத்தரத்தடியில் சுருண்டு நின்றது. மலைவீட்டில் நூல் பிடித்த மாதிரி ஓடி வெளியேறியது. பார்த்தாள். சத்தியம் செய்திருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க," என்றார் மாஸ்டர். "எதிரெதிர் கதவு ரெண்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கக் கூடாது. ஒரு வீட்டு யோகம் அடுத்த வீட்டுக்கு ஓடிரும்."

பின்னர் மலைவீட்டை வாங்கிய சியூ லானிடமும் இதையே சொன்னார். அவள் கணவனை இழந்தவள், பிஸ்கட் சுட்டு விற்பவள். பூனை நுழைகிற அளவுக்குத்தான் கதவைத் திறப்பாள். "வியாபாரம் இப்பத்தான் தலைதூக்குது, தெய்வானை. யோகம் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்பாள், அரைகுறைத் தமிழும் மலாயுமாக.

குடிபுகுந்தார்கள். மதிவதனிக்கு இழுப்பு கூடியது. கடலைப் பார்த்த பெரிய சன்னல் திறந்தே கிடந்தது. திரை மட்டும் அசையவில்லை.

ஒருநாள் காலை, ஆரஞ்சுப் பழங்களோடு மாஸ்டர் வந்தார். இப்போதுதான் முதல்முறையாக உள்ளே வந்தார். அந்நேரம் சூரியன் கடலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. கூடம் முழுக்கச் செம்பொன். அந்த வெளிச்சம் நேராக ஓடி எதிர்ச்சுவரில் இருந்த வாசற்கதவில் போய் நின்றது. மாஸ்டர் சூரியனைப் பார்த்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். பழங்கள் தரையில் உருண்டன.

"வாசல் மேற்கு," என்றார். கை கூப்பினார். "என் தப்பு. ஊரறியச் சொல்றேன்."

பேரின்பத்துக்குப் பொறுக்கவில்லை. "இல்ல மாஸ்டர். கிரில்ல ஆட்டினவன் நான். முள்ளு திரும்புனதப் பாத்தேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டா சும்மா இருந்தீங்க?" தெய்வானை சீறினாள். "கடல கட்டிக்கிட்டு அழுங்க!"

"நீ மட்டும்? ஊதுபத்தி சுத்துனியே, உனக்குத் தெரியலையா?"

"சத்தியம் பண்ணிட்டு எப்படிய்யா பேசுவேன்?"

மாஸ்டர் வரும்போது திறந்த கதவு திறந்தபடியே இருந்தது. சண்டை நடைபாதை முழுக்கக் கேட்டது. சண்டைக்கு மேலாக மதிவதனியின் இழுப்பும் கேட்டது.

அப்போது திரை அசைந்தது.

பிறகு எழுந்தது. பாய்மரம் போல் புடைத்து, சன்னலைத் தாண்டிக் கடலை நோக்கிப் பறந்தது. மலையின் ஈர இலை வாசம் வீட்டுக்குள் புகுந்து, நால்வரையும் தொட்டு, தண்ணீரைத் தேடிப் போனது. மதிவதனி சுவரிலிருந்து மெல்லச் சரிந்தாள். படுத்தாள். இழுப்பு அடங்கித் தூங்கிப்போனாள். மகள் படுத்துத் தூங்குவதைப் பேரின்பம் பார்த்து எத்தனையோ காலம். காலமெல்லாம் காற்றையும் நீரையும் கணக்குப் போட்ட ஓங் மாஸ்டர், கோயிலில் நிற்பவர்போல் நின்றார்.

இப்போது சொல்லுங்கள். தவறை ஒப்புக்கொண்ட மாஸ்டர், உண்மையைக் கக்கிய பேரின்பம், சத்தியத்தைக் காத்த தெய்வானை: மூவரில் யார் செய்தது சரி? அந்தக் காற்றை வரவிட்டது யார்?

விடை: மூவரும் இல்லை. மாஸ்டர் பிழையைச் சொன்னார், பேரின்பம் குற்றத்தைச் சொன்னார், தெய்வானை சத்தியத்தைச் சொன்னாள். பிள்ளையின் மூச்சு சொல்லால் வருவதில்லை. மலைக்காற்று இந்த வீட்டுக்கு வர ஒரே வழிதான், எதிர்வாசல். அந்தக் கதவைத் திறந்தால் தன் யோகமெல்லாம் ஓடிவிடும் என்று நம்பியவள், அந்த நம்பிக்கையில் இம்மியும் குறையாமலே, அதை அகலத் திறந்து, திரும்ப மூடாதபடி மாவு மூட்டையை அண்டக் கொடுத்து நின்றாள். அவள்தான் சியூ லான்.