பெரிய முதலாளி திரும்பி வந்தார்

செத்து ஒரு வருஷமான ரைஸ்மில் முதலாளி வேலாயுதப்பெருமாள் மறுபடி வந்து பேசுகிறார் என்று ஊரே அவர் வீட்டுக் கூடத்தில் திரண்டுவிட்டது. சுவரில் பெரிய திரை. கம்ப்யூட்டர்காரர்கள் அவர் உருவத்தை அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். அதே முகம், அதே தொண்டைச் செருமல்.

மகன் ஞானவேல், மாடு பார்க்கும் ராக்குவை முன்னால் கூப்பிட்டான். "அப்பா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

"ராக்கு, நான் குடுத்த வீட்டை இன்னைக்கே காலி பண்ணு" என்றது திரை.

அந்தக் கூரையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது? ஆனாலும் திரையைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"சின்ன முதலாளி, இது அப்பாவேதானா?"

"சாட்சாத் அப்பாதான். ஊரே பாக்குதுல்ல."

"அப்போ சரி, போயிடறேன்." அவள் கூட்டத்தில் நின்ற கிராம நிர்வாக அலுவலர் பக்கம் திரும்பினாள். "ஐயா, பெரியவர் செத்துட்டார்னுதானே பட்டாவை மகன் பேருக்கு மாத்தினீங்க? ஆளுதான் வந்துட்டாரே. மில்லு, வீடு, நிலம் எல்லாத்தையும் திரும்ப அவர் பேருக்கே மாத்திருங்க."

"நியாயம்தான்" என்று அவர் பேனாவை எடுத்தார். "மகனே ஊர் முன்னால சாட்சி சொல்லிட்டாரு. இறப்புச் சான்றிதழை ரத்து பண்ண எழுதிடவா?"

ஞானவேல் பாய்ந்து வந்து அவர் பேனாவைப் பிடித்தான். "ஐயோ, இது அப்பா இல்லைங்க. வெறும் மிஷின். நான் எழுதிக் குடுத்ததைத்தான் பேசும்."

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

"முதலாளி குடுத்த வீட்டை மிஷின் சொன்னா காலி பண்ணுவாங்களா?" என்றாள் ராக்கு. "வழி விடுங்க, பால் கறக்கிற நேரமாச்சு."